லேப்டாப்பில் டிபிஎம்: பிராசசருக்குள் இருப்பதா, தனிச் சிப்பா, இல்லாமலேயா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி லேப்டாப்பில் வேண்டும் என்பதால் பலர் அந்தப் பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். ஆனால் அதன் வேலை விண்டோஸுக்கு அனுமதிச்சீட்டாக இருப்பதல்ல. டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் சாவியை அது தன்னிடம் வைத்திருக்கிறது. லேப்டாப் வழக்கம்போல் கிளம்பினால் மட்டுமே அதைக் கொடுக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் ஒன்றும் படிக்க முடியாது. கட்சிக்காரர்களின் ஆவணங்களோடு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகும் வக்கீலுக்கு, பை தொலைந்தாலும் காப்பது இதுதான்.

முதல் வழி, பிராசசருக்குள்ளேயே இருப்பது. இன்டெல்லில் இதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களில் இது பெரும்பாலும் இருக்கும், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைந்து கிடக்கலாம், அவ்வளவுதான். ஆன் செய்யும்போதே எஃப்2 (ஹெச்பி என்றால் எஃப்10) தட்டி உள்ளே போய், செக்யூரிட்டி பகுதியில் தேடுங்கள். செலவே இல்லை. குறை இல்லாமல் இல்லை: 2022-இல் ஏஎம்டி மெஷின்கள் சில இதனால் அவ்வப்போது திக்கின, பயாஸ் அப்டேட்டில் சரியானது. 2023-இல் பெர்லின் ஆய்வாளர்கள் எஃப்டிபிஎம்மை உடைத்தும் காட்டினார்கள். ஆனால் அதற்கு லேப்டாப் சில மணி நேரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, போர்டில் தனிச் சிப். கம்பெனிகள் கழித்துவிட்டு செகண்ட்ஹேண்டில் வரும் திங்க்பேட், லாடிட்யூட் வகைகளில் பார்க்கலாம். தனிச் சிப் என்றாலே உசத்தி என்று சொல்லி விற்பதை நான் ஏற்க மாட்டேன். சிப்பிலிருந்து பிராசசருக்குச் சாவி ஒரு கம்பித்தடத்தில் போகிறது. 2024-இல் ஒருவர் ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ என்ற மலிவான குட்டி சர்க்யூட் போர்டை வைத்து, பழைய லெனோவோ லேப்டாப் ஒன்றில் அந்தச் சாவியை ஒரு நிமிடத்துக்குள் படித்துக் காட்டினார். கிளம்பும்போது பின் நம்பர் கேட்கும்படி வைத்திருந்தால் இது நடக்காது. இருக்கும் லேப்டாப்பில் தனிச் சிப் மாட்டலாமா என்று யோசிக்கவே வேண்டாம். அதற்கான சாக்கெட் டெஸ்க்டாப் போர்டுகளில்தான் வழக்கம்.

மூன்றாவது, இல்லாமலேயே ஓட்டுவது. ரூஃபஸ் போன்ற கருவியால் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுவிடலாம், சில கடைகளில் போட்டும் தருகிறார்கள். அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அதைவிட, பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டு, நிறுவும்போதே டிஸ்க் என்கிரிப்ஷனை (டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதியை) தேர்ந்தெடுப்பது எவ்வளவோ மேல். கடவுச்சொல் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு முறையும் நீளமாக டைப் செய்யும் பொறுமை வேண்டும்.

என் தேர்வு முதல் வழிதான், விண்டோஸ் ப்ரோ என்றால் அதிலேயே வரும் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரில் நீளமான பின் நம்பரும் சேர்த்து. ஹோம் பதிப்பில் அந்தப் பின் வசதி இல்லை; அங்கே இருக்கும் டிவைஸ் என்கிரிப்ஷனையாவது ஆன் செய்யுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்: 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் எடுத்து வீட்டு பீரோவில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்தால் பயனில்லை. சர்வீஸில் மதர்போர்டு மாற்றினால் டிபிஎம்மும் மாறிவிடும், அப்போது இந்த எண் இல்லாமல் டிஸ்க் திறக்காது. பயாஸில் ‘கிளியர் டிபிஎம்’ என்று இருப்பதைத் தொட வேண்டாம், பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கடைக்காரரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.