லிப்பிசானர் குதிரையில் பத்து வாரப் பயிற்சி: என் மதிப்பீடு

சிங்கப்பூரின் வடமேற்குப் பகுதியில் உள்ள ஒரு குதிரையேற்றப் பள்ளியில், பெரியவர்களுக்கான பத்து வார அடிப்படைப் பயிற்சியைச் சென்ற மாதம் முடித்தேன். அங்குள்ள குதிரைகளில் பெரும்பாலானவை பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் வகையைச் சேர்ந்தவை. இந்த வகுப்புக்கு மட்டும், ஐரோப்பாவிலிருந்து வந்த, காயடிக்கப்பட்ட 19 வயது லிப்பிசானர் இனக் குதிரை ஒன்றைத் தருகிறார்கள். நான் சேர்ந்ததே அதற்காகத்தான்.

முதல் ஆறு வாரங்கள் கடிவாளம் என் கைக்கு வரவே இல்லை. பயிற்றுநர் மணல்திடலின் நடுவில் நீண்ட கயிற்றைப் பிடித்து நிற்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமாக நடக்கும். அங்கவடியும் இல்லாமல், கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, அதன் முதுகின் அசைவோடு என் இடுப்பும் அசையும்வரை நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உடன் சேர்ந்தவர்களில் இருவர், கொடுத்த பணத்துக்கு ஒன்றுமே கற்றுத்தரவில்லை என்று சொல்லி இடையில் நின்றுவிட்டார்கள். எனக்கோ இந்தப் பள்ளியின் ஆகச் சிறந்த அம்சமாக அதுவே பட்டது. வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேரும் மாணவர்களும் இப்படித்தான், கயிற்றில் ஓடும் குதிரைமேல் கடிவாளமின்றி நெடுநாள் உட்காரப் பழகுகிறார்கள். அங்குள்ள லிப்பிசானர் குதிரைகளுக்கும் அதே பொறுமை காட்டப்படுகிறது. நான்கு வயதில் பயிற்சியைத் தொடங்கி, முதல் ஆண்டு முழுவதும் நேராகவும் இயல்பாகவும் முன்னோக்கி நடக்க மட்டுமே பழக்குகிறார்கள். வளைவுகள், பக்கவாட்டு நடைகள் ஆகியவை அடுத்த கட்டம். முன்கால்களைத் தூக்கிப் பின்கால்களில் நிற்கும் லெவாடும், அந்தரத்தில் எழுந்து பின்கால்களை உதறும் கேப்ரியோலும் அதற்கும் பல ஆண்டுகள் கழித்து, தகுதியுள்ள சில குதிரைகளுக்கு மட்டுமே வாய்ப்பவை.

இந்த நிதானத்துக்கான காரணம் அதன் குருதியிலேயே இருக்கிறது. மூன்றாம் வாரம், மழைக்காக லாயத்தில் ஒதுங்கியிருந்தபோது, குதிரையின் வம்சாவளித் தாளைப் பயிற்றுநர் எடுத்துக் காட்டினார். இன்றைய ஸ்லோவேனியாவிலுள்ள லிப்பிகா என்ற ஊரில், ஆஸ்திரியாவின் இளவரசர் இரண்டாம் கார்ல் 1580 ஆம் ஆண்டு நிறுவிய பண்ணையில் உருவான இனம் இது. உடலைச் சுருக்கிப் பின்கால்களில் பாரம் தாங்கும் திறனை ஸ்பானியக் குதிரைகளும், முழங்காலை உயர்த்தி வைக்கும் நடையை நேப்பிள்ஸ் குதிரைகளும், மென்மையையும் துடிப்பையும் அரபுக் குதிரைகளும் கொடுத்தன. 1765 இல் பிறந்த புளூட்டோ முதல் 1810 இல் பிறந்த சிக்லவி வரை ஆறு ஆண்குதிரைகளே இவ்வினத்தின் தொன்மையான தந்தைவழிகளுக்கு மூலவர்கள். நான் ஏறிய குதிரை, 1767 இல் பிறந்த கொன்வெர்சானோவின் வழி. வழியின் பெயரை முதலிலும் தாயின் பெயரை அடுத்தும் வைப்பது மரபு என்பதால், பெயரைக் கேட்டவுடனேயே இரு பக்கத்து உறவும் தெரிந்துவிடுகிறது. தகப்பன் பெயரை முன்னெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இதில் பாதி பழக்கமானதுதான். மெதுவாக முதிர்ந்து, நீண்ட காலம் உழைக்கும் இனம் இது. 19 வயதிலும் என்னைச் சுமந்து சலிக்காமல் வட்டமிட்டதை வேறு எப்படி விளக்குவது?

லாயத்தைக் கவனிக்கும் முதிய சைஸ், அதாவது குதிரைப் பராமரிப்பாளர், ஒரு தமிழர். 2024 அக்டோபரில் சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடும்வரை அங்கே பணியாற்றியவர். “தம்பி, பந்தயக் குதிரைக்கு ஓடத் தெரியும், இதுக்குக் காத்திருக்கத் தெரியும். நீங்க அவசரப்பட்டா இது நின்னுடும்” என்று அவர் சொன்னது, பத்து வாரத்தில் நான் கேட்ட எல்லா விளக்கங்களையும்விடப் பயன்பட்டது. வகுப்பு முடிந்ததும் அவர் குதிரைக்குத் தண்ணீர் அடித்து, வியர்வையை வழித்து, மின்விசிறியின் கீழ் நிறுத்தும் கவனத்தைப் பார்த்த பிறகு, விலங்கின் நலன் குறித்த கவலை எனக்கு எழவில்லை.

குறைகளும் உண்டு. பள்ளியின் விளம்பரத்தாள் இக்குதிரையைப் பிறவியிலேயே வெண்மையானது என்கிறது, அது தவறு. லிப்பிசானர் குட்டிகள் கருமையாகவோ பழுப்பாகவோ பிறந்து, பெரும்பாலும் ஆறு முதல் பத்து வயதுக்குள்தான் வெளுக்கின்றன. எந்த மாணவரும் பத்து வாரத்தில் எட்டவே முடியாத லெவாட் படத்தை அட்டையில் போடுவதும் முறையன்று. இவற்றைவிட என்னை வருத்தியது, மின்னல் எச்சரிக்கையால் ரத்தான இரண்டு மாலை வகுப்புகளுக்கு ஈடு தர மறுத்தது. பிற்பகல் மழை வழக்கமாக உள்ள ஊரில் மாலை வகுப்பை விற்றுவிட்டு, மழையைக் காரணம் காட்டுவது நியாயமாகத் தோன்றவில்லை. காலை ஏழு மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். வெயிலும் குறைவு, குதிரையும் களைப்பின்றி இருக்கும்.

ஏழாம் வாரம் பயிற்றுநர் கடிவாளத்தை என்னிடம் நீட்டினார். வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்று நினைத்து மார்பை லேசாகத் திருப்பினேன். கடிவாளம் இழுபடுமுன்பே குதிரை திரும்பிவிட்டது. அடுத்த பத்து வாரத்துக்கு அன்றே பணம் கட்டினேன், காலை வகுப்புக்கு.