டர்பிடிட்டி மீட்டரும் அக்ரிலிக் குழாயும்: தாமிரபரணியில் இரண்டு மழைக்காலம்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, தண்ணீரின் கலங்கலை அளக்கும் கையடக்க டர்பிடிட்டி மீட்டர் ஒன்று வாங்கினேன். கூடவே, அரை மனதோடு, கலங்கலைக் கண்ணாலேயே பார்த்து அளக்க, அடியில் கறுப்பு வெள்ளை வட்டம் ஒட்டிய அக்ரிலிக் குழாய் ஒன்றும். பாபநாசம், குறுக்குத்துறை, சீவலப்பேரி என்று இவற்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு மழைக்காலம் அலைந்தாயிற்று. இப்போது யாராவது கேட்டால், முதலில் குழாயை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

மீட்டரில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. குப்பித் தண்ணீருக்குள் ஒளி பாய்கிறது. மிதக்கும் துகள்கள் சிதறடிக்கும் ஒளியை 90 டிகிரியில் இருக்கும் உணரி பிடித்து என்.டி.யு. என்ற கலங்கல் அலகில் காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 கேட்பது 1; வேறு நீராதாரமே இல்லையென்றால் 5 வரை விடுகிறது. இந்தச் சின்ன எண்களைப் பிரித்துப் பார்க்க மீட்டர் இல்லாமல் முடியாது. ஆறு தெளிந்து ஓடும் நாளில் குழாயை விளிம்பு வரை நிரப்பினாலும் வட்டம் பளிச்சென்று தெரியும். அதற்கு மேல் குழாயிடம் கேட்க ஒன்றுமில்லை.

ஆனால் மீட்டரைக் கட்டி மேய்ப்பதுதான் பாடு. குப்பியில் விரல் ரேகை பட்டாலே எண் ஏறும். குலுக்கினால் காற்றுக் குமிழி, அதற்கும் எண் ஏறும். குலுக்காமல் வைத்தால் மணல் அடியில் உட்கார்ந்து எண் இறங்கும். மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து, துடைத்து, உடனே படிக்க வேண்டும். மழைக்கால ஈரக்காற்றில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் குப்பி வெளியே வேர்த்துவிடும், அப்புறம் மறுபடி துடைக்க வேண்டும். இதையெல்லாம் படித்துறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தபோது, குளிக்க வந்த பெரியவர் ஒருவர், "ஏல, கலங்கல் கண்ணுக்குத் தெரியலியா?" என்றார். நியாயமான கேள்வி! கீறல் விழுந்த குப்பிக்கு மாற்று கேட்டபோது விற்றவர் இழுத்தடித்தது தனிக்கதை. அளவு சரிபார்க்கும் ஃபார்மசின் கரைசலும் செலவுதான். நீர்த்த கரைசல் சீக்கிரம் கெட்டுப்போகும்.

எனக்குச் சுவாரசியமாக இருந்தது நிறம். புதுமழைக்குப் பின் மலையோடைத் தண்ணீர் இலைச்சாறு இறங்கி வெளிர் டீ நிறத்தில் வரும். மீட்டரோ சிறிய எண்தான் காட்டும். அது பழுதில்லை. என்னுடையதில் இருப்பது 860 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு. இலைச்சாறு விழுங்குவது நீல ஒளியை. அகச்சிவப்பை அது சீண்டுவதில்லை. டங்ஸ்டன் விளக்கு மீட்டராக இருந்தால் நிறமும் கணக்கில் குறுக்கிடும். ஆகவே இரண்டு வகை மீட்டரின் எண்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடாதீர்கள். குழாயில் பார்ப்பது நம் கண் என்பதால் கலங்கல், நிறம் இரண்டுமே அதில் சேர்ந்து விழும்.

1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டும் இதே யோசனைதான். நம் ஆற்றில் அந்தத் தட்டு சரிப்படாது: ஓட்டம் இழுக்கும், இல்லையென்றால் தரை தட்டும். குழாயில் தண்ணீரை நிரப்பி, அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து, வட்டம் தெரியும் வரை வடித்து, நிற்கும் உயரத்தை சென்டிமீட்டரில் குறித்தால் போதும். சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரியில், சேருவதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்தால் வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். நேர்வெயிலில் நிற்காமல் உடம்பு நிழலில் வைத்து, கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். எங்கள் குழுவில் எப்போதும் ஒரே ஆள்தான் பார்ப்பார். கழுவும்போது முதலில் மணலை அலசிவிட்டு அப்புறம் துணி போடுங்கள், அக்ரிலிக்கில் கீறல் சட்டென்று விழும்.