ஓடாமல் கிடந்த அவுட்போர்டு: நான்கு ஆண்டு அனுபவம்

கோவளத்தில் நண்பர் வீட்டின் பின்புறம், உப்பங்கழியைத் தொட்டபடி கிடக்கும் என் பன்னிரண்டடி ஃபைபர் டிங்கி என்ற சிறு படகுக்காக, அதன் பின்புறம் வெளியே மாட்டும் ஒரு பழைய அவுட்போர்டு மோட்டாரை 2021-இல் காசிமேட்டில் வாங்கினேன். 8 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்துக் கிளப்பும் வகை. விலை 26,000 ரூபாய். அதை நம்பித் தண்ணீரில் இறங்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவர மேலும் 19,000 ரூபாய் ஆயிற்று. ஏறக்குறைய 200 மணி நேரம் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

விற்றவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "ரெண்டு வருஷமா யாரும் தொடவே இல்ல சார், புதுசு மாதிரி இருக்கு." அதைப் பெருமையாகத்தான் சொன்னார், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். இன்று யாராவது அப்படிச் சொன்னால் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஐயாயிரம் குறைத்துக் கேட்பேன். தினமும் கடலுக்குப் போய்வரும் மீனவரின் இன்ஜினில் வண்ணம் உரிந்திருக்கும், மூடி உடைந்திருக்கும், ஆனால் உள்ளே எல்லாம் அசைந்துகொண்டே இருந்திருக்கும். கழுவாமல் கிடந்த இன்ஜினிலோ அதைக் குளிர்விக்கும் நீர்வழிகளில் தங்கிய உப்புநீர் காய்ந்து கல்லாகிறது. கார்புரேட்டரில் நின்ற பெட்ரோல் பிசினாகிறது. தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் மடங்கிய பக்கமே மடங்கி உறைந்துபோகின்றன. என் மோட்டாரில் இந்த மூன்றும் நடந்திருந்தன.

வாங்குமுன் இரண்டு காரியங்களை மட்டும் சரியாகச் செய்தேன். கியர்ப் பெட்டியின் அடித்திருகைச் சற்றே தளர்த்தி, கசிந்த ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தேன். தெளிவாக இருக்க வேண்டியது பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. புரொப்பல்லர் தண்டின் ஆயில் சீல் வழியே தண்ணீர் நுழைந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். அதைக் காட்டித்தான் 32,000 என்றவரிடம் 26,000-க்கு முடித்தேன். அடுத்து, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து இரண்டு சிலிண்டர்களையும் பார்த்ததில் 95, 90 என்று வந்தது. எண்ணைவிட இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் முக்கியம். பத்து விழுக்காட்டுக்குள் இருந்ததால் உள்ளே பிஸ்டன் வேலை இருக்காது என்று துணிந்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நம் கரையில் புழங்கும் பழைய இன்ஜின்களில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகையும் உண்டு. வாங்குகிறவர் எந்த வகை என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிய வேண்டும்.

கீழ்ப்பகுதியைக் கழற்றத் தொடங்கியபோதுதான் உண்மையான வேலை தெரிந்தது. அலுமினிய உடலில் எஃகு போல்ட் உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நான்கு போல்ட்டுகளில் மூன்று, சூடு காட்டி, எண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவைத்தபின் வந்தன. நான்காவது தலை முறிந்தது. காசிமேட்டு மெக்கானிக் அண்ணன் அதைத் துளைத்தெடுத்துப் புதிய மரை போட்டுக்கொடுக்க அரைநாள் ஆயிற்று. இம்பெல்லரை வெளியே எடுத்தபோது ஆறு இதழ்களும் சுழல்காற்றில் சிக்கிய பூப்போல ஒரே பக்கம் வளைந்து, நகத்தால் அழுத்தினால் வெடிக்கும் அளவுக்கு இறுகியிருந்தன. தெர்மோஸ்டாட் இருந்த குழியில் வெள்ளை உப்பு சுண்ணாம்பு போலப் பிடித்திருந்தது. புதிய இம்பெல்லர், புதிய சீல்கள், கேஸ்கட்டுகள் எல்லாம் அங்கேயே கிடைத்தன. யமஹாவும் சுசுகியும் மீனவரிடம் அதிகம் புழங்குவதால் அவற்றின் பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. மெக்கானிக் அண்ணன் என்னிடம் சொன்ன ஒரே அறிவுரை இதுதான்: "பின்னாடி தண்ணி துப்புதான்னு பாத்துட்டே இருங்க சார். துப்பலைன்னா யோசிக்காம ஆஃப் பண்ணிடுங்க." நான்கு ஆண்டுகளில் அந்தச் சின்ன நீர்த்தாரை இருமுறை நின்றது. இருமுறையும் துளையில் அடைத்திருந்தது உப்பங்கழியின் பாசிதான்.

கார்புரேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழற்றி, கழுவி, ஜெட் துளைகளை மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பிழையால் துழாவி மாட்டினேன். ஊசியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும்.

மூன்றாம் மாதத்தில் வந்த கோளாறுதான் என்னை அலைக்கழித்தது. சரியாக இருபது நிமிடம் ஓடும், பிறகு மூச்சுத்திணறி நிற்கும். பத்து நிமிடம் விட்டால் மீண்டும் கிளம்பும். நகரத்துக்குள் ஒரு பட்டறையில் காட்டியபோது, சூடானதும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் செத்துப்போகிறது என்று சொல்லி 4,200 ரூபாய்க்குப் புதிய காயில் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபதாவது நிமிடத்தில் மறுபடி நின்றது. துடுப்புப் போட்டுத் திரும்பும்போது, வலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் படகை ஒட்டிவந்து, எரிபொருள் குழாயின் நடுவில் கையால் அழுத்திப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பைப் பார்த்தார். அது சப்பிப் போன மாங்காய்போல ஒட்டிக்கிடந்தது. எதுவும் பேசாமல் டேங்க் மூடியைத் திருகினார்; 'புஸ்' என்று காற்று உள்ளே போயிற்று, பல்பு உப்பிக்கொண்டது. மூடியிலுள்ள காற்றுத்துளையை உப்பு அடைத்திருந்திருக்கிறது. டேங்கில் காற்று நுழையாததால் பெட்ரோல் வரவில்லை, அவ்வளவுதான். பழைய காயில் இன்னும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

பராமரிப்பில் நான் ஒருபோதும் தவறவிடாதது நல்ல தண்ணீரில் கழுவுவதுதான். ஒவ்வொரு முறை திரும்பியதும், தண்ணீர் உறிஞ்சும் துளைகள் மூழ்கும் அளவுக்கு நிரப்பிய நீல டிரம்மில் கீழ்ப்பகுதியை இறக்கிப் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுகிறேன். இதில் ஒரு வேடிக்கை: நண்பர் வீட்டு போர்த் தண்ணீரே உப்பு. முதல் ஆண்டு முழுக்க உப்பை உப்பால் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது லாரித் தண்ணீரில் இரண்டு குடம் குறையும்போது அந்த வீட்டு அக்காவின் பார்வையைச் சந்திக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். கழுவி முடிக்கும் கட்டத்தில் எரிபொருள் குழாயைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை விடுகிறேன்.

இதற்குக் காரணம் இன்றைய பெட்ரோல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னைக் கடற்கரையில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய ரப்பர் குழாய்கள் அதில் ஊறி இளகுவதையும் கண்டேன். ஒரே ஆண்டில் இருமுறை மாற்றியபின் எத்தனால் தாங்கும் குழாயாக வாங்கிப் போட்டேன். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில் கலக்கிறேன். இரு சக்கர வாகன ஆயில் வேண்டாம், நீர் குளிர்விக்கும் அவுட்போர்டுகளுக்கென்று உள்ள டிசி-டபிள்யூ3 தர ஆயில்தான் சரி. கலந்ததை மூன்று வாரத்துக்குமேல் வைப்பதில்லை.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. சத்தத்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் பேச முடியாது. அரை வேகத்தில் மணிக்கு இரண்டு லிட்டர் குடிக்கிறது. முழு வேகத்தில் எவ்வளவு என்று அளந்து பார்க்க மனம் வரவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில், இந்த 27 கிலோவைத் தனியாகத் தூக்கி மணலில் நடக்கவே எனக்கு இடுப்பு இடம் கொடுப்பதில்லை. அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் இதைவிடப் பத்துக் கிலோ கூடும்.

இம்பெல்லரை இரண்டாம் முறையாகப் போன மாதம் மாற்றினேன். இந்த முறை நான்கு போல்ட்டுகளும், மாட்டும்போது தடவியிருந்த கிரீஸோடு, கை ஸ்பேனருக்கே சுழன்று வந்தன. கியர் ஆயில் தெளிவாக இருந்தது. ஸ்டார்ட்டர் கயிறு மட்டும் பிடிக்கு அருகே நைந்திருக்கிறது. வாடைக்காற்று தொடங்குமுன் அதை மாற்ற வேண்டும்.