எண்ட்-ஃபெட்டா இன்வர்ட்டட் வீயா: ரெண்டையும் கட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

அமெச்சூர் ரேடியோவுல (ஹாம்) 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், என்ன ஆன்டெனா போடலாம்னு யார் கேட்டாலும் இப்பல்லாம் முதல்ல வர்ற பதில் எண்ட்-ஃபெட்தான், கம்பியோட ஒரு முனையில கேபிள் சேர்ற ஆன்டெனா. நானும் அதுலதான் ஆரம்பிச்சேன், ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டினேன், இப்ப அத கழட்டி சுருட்டி வெச்சிட்டு நடுவுல ஃபீட் பண்ற டைபோலுக்கு, அதாவது நடு மேலயும் ரெண்டு கையும் கீழ சரிஞ்சும் இருக்கற இன்வர்ட்டட் வீக்கு வந்துட்டேன். ஏன் மாத்தினேன்னு எழுதுறேன், புதுசா கம்பி கட்டப் போறவங்களுக்கு ஆகும்.

எண்ட்-ஃபெட் மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல. 20 மீட்டர் கம்பி ஒண்ணு, முனையில அத கேபிளுக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கற 49:1 டிரான்ஸ்ஃபார்மர், அவ்ளோதான். 7 மெகாஹெர்ட்ஸ்ல அது அரை அலைநீளம், 14, 21, 28லயும் அரை அலையோட மடங்காவே வந்துடும், அதனால டியூனர் இல்லாமலே நாலு பேண்ட். நடுவுல கேபிள் தொங்காது, கம்பம் நட வேணாம், ஒரு பக்கம் ஜன்னல் இன்னொரு பக்கம் மரம்னு கட்டிட்டு அரை மணி நேரத்துல பேச ஆரம்பிச்சிடலாம். பையில போட்டு எடுத்துட்டு போறதுக்கு இன்னிக்கும் எனக்கு அதுதான்.

எஸ்டபிள்யூஆர், அதாவது அனுப்புற பவர் எவ்ளோ திரும்பி வருதுன்னு காட்டுற அளவு, ரெண்டுலயும் நல்லாவே வந்துச்சு, அத வெச்சு சண்டை போட ஒண்ணும் இல்ல. 1.5 இருந்தா 4 சதவீத பவர் திரும்புது, 2 இருந்தா 11 சதவீதம், ரெண்டுமே பெரிய விஷயம் கிடையாது. ஆன்டெனாவுக்கு பதிலா மாட்டி பவர வெறும் சூடா மாத்துற டம்மி லோடு கூடத்தான் 1:1 காட்டும், அந்த நம்பருக்கும் ஆன்டெனா நல்லதாங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல.

எனக்கு முடிவு பண்ணிக் கொடுத்தது ஒரே ஒரு விஷயம், ரிசீவ் நாய்ஸ், அதாவது கேக்குறப்ப வர்ற இரைச்சல். எண்ட்-ஃபெட் இருந்தப்ப 40 மீட்டர்ல சாயங்காலம் ஆனா சிக்னல் பலம் காட்டுற எஸ்-மீட்டர் முள்ளு எஸ்7ல உக்காந்துக்கும். பேண்டே அப்படித்தான் போலன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன். ஒருநாள் ரிக்க (ரேடியோவ) பேட்டரியில போட்டுட்டு வீட்டு மெயின ஆஃப் பண்ணேன், முள்ளு அப்படியே எஸ்3க்கு விழுந்துச்சு. திரும்ப ஆன் பண்ணி ஒவ்வொண்ணா பிடுங்கிப் பாத்தா எல்இடி லைட்டோட டிரைவர், லேப்டாப் சார்ஜர், ரவுட்டரோட அடாப்டர்னு ஆளுக்கு கொஞ்சம் கொஞ்சமா அந்த இரைச்சல போட்டுட்டு இருந்துச்சு.

சரி, வீட்டுக்குள்ள இருக்கற இரைச்சல் வெளியில தொங்குற கம்பிக்கு எப்படி போகுது? இங்கதான் விஷயமே இருக்கு. அரை அலை கம்பியோட முனையில கரண்ட் ரொம்ப கம்மி, ஆனா பூஜ்யம் இல்ல. அந்த கொஞ்சத்துக்கும் எதிர்ப்பக்கம்னு ஒண்ணு வேணும், நாம தனியா எதுவும் கொடுக்கலைன்னா ரேடியோவுல இருந்து வர்ற கோஆக்ஸ் கேபிளோட உலோக மேல் உறையையே அது எடுத்துக்கும். அதாவது கேபிளும் ஆன்டெனாவுல ஒரு பாகம். அந்த கேபிள் நேரா வீட்டுக்குள்ள, அத்தன சார்ஜரும் இருக்கற மேஜைக்கு வருது. அனுப்புறப்ப கரண்ட் போற அதே வழியிலதான் கேக்குறப்ப இரைச்சல் வருது.

உறை மேல போற கரண்ட தடுக்கற சோக் போட்டா சரியாகாதான்னு கேப்பீங்க, போட்டேன். 31 மிக்ஸ் ஃபெரைட் வளையத்துல ஆர்ஜி-58 கேபிள 12 சுத்து சுத்தி முதல்ல டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துலயே வெச்சேன், எதிர்ப்பக்கமே இல்லாம போய் எஸ்டபிள்யூஆர் எங்கயோ போயிடுச்சு. அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர்ல 2 மீட்டர் கம்பி ஒண்ண கவுன்டர்பாய்ஸா, அதாவது அந்த எதிர்ப்பக்கமா, கட்டி, சோக்க வீட்டுக்குள்ள கேபிள் நுழையற இடத்துக்கு மாத்தினேன், எஸ்5, சில நாள் எஸ்6. இன்னும் ரெண்டு மூணு வளையம் வாங்கி போராடியிருந்தா இன்னும் இறங்கியிருக்கலாம், ஆனா அதுக்குள்ள நான் டைபோல் கட்டிட்டேன்.

டைபோல்ல ரெண்டு கையும் ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கம், கேபிள் உறைக்கு அங்க வேலை கிடையாது. அதே சோக்க ஃபீட் பாயிண்ட்ல, அதாவது கேபிள் கம்பியோட சேர்ற இடத்துல, வெச்சேன், உயரமும் கிட்டத்தட்ட அதேதான், நடு 9 மீட்டர். அதே சாயங்கால நேரம், மெயின் ஆன்ல இருக்கு, எஸ்3ல இருந்து எஸ்4. ஸ்விட்ச் வெச்சு மாத்தி மாத்தி கேட்டப்ப வர்ற ஆளோட சிக்னல் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான், அவருக்குப் பின்னாடி இருந்த கொரகொரப்பு மட்டும் காணோம். ஒரு எஸ் யூனிட் 6 டெசிபல்னு கணக்கு, அப்ப எஸ்7ல இருந்து எஸ்4க்கு 3 யூனிட்னா 18 டெசிபல், 60 மடங்கு பவருக்கு மேல. எதிர்ல இருக்கறவர் 10 வாட்ல பேசுனா, பழைய நாய்ஸ்ல அவர் எனக்கு அதே மாதிரி கேக்க 600 வாட்டுக்கு மேல போடணும். ரிக் மீட்டர் எல்லாம் கீழ்ப்பக்கம் அவ்ளோ கரெக்டா காட்டாது, அதனால பாதியா எடுத்துக்கோங்க, 9 டெசிபல்னாலும் 8 மடங்கு ஆச்சே. அனுப்புற பவர கூட்டுற லீனியர் ஆம்ப்ளிஃபையர் வாங்கினாலும் ரிசீவ்ல இது கிடைக்காது.

வெர்ட்டிகல், அதாவது நேரா நிக்கற ஆன்டெனா பத்தியும் கேப்பாங்க. 10 மீட்டர் உயரமான கால் அலை ஒண்ண ரெண்டு மாசம் வெச்சிருந்தேன், அடியில சுத்தி விரிக்கற ரேடியல் கம்பி 8தான் போட முடிஞ்சுது. தாழ்வான கோணத்துல அனுப்பும்ங்கறதால தூரத்து ஸ்டேஷனுக்கு நல்லதுன்னு சொல்றது உண்மைதான், எனக்கும் ரெண்டு மூணு டிஎக்ஸ் அதுல சுலபமா கிடைச்சுது. ஆனா நாய்ஸ் எண்ட்-ஃபெட் அளவுக்கே இருந்துச்சு, 300, 400 கிலோமீட்டர்ல இருக்கறவங்க ரொம்ப பலவீனமா வந்தாங்க. ரேடியல் நெறய போட்டு திறந்த வெளியில வெச்சவங்க வேற மாதிரி சொல்லுவாங்க, நான் வெச்ச இடத்துல இதுதான் நடந்துச்சு.

இன்வர்ட்டட் வீலயும் குறை இருக்கு. 40 மீட்டர்ல 9 மீட்டர் உயரம்ங்கறது கால் அலைக்கும் கம்மி, அதனால பாதிக்கு மேல வானத்தப் பாத்துதான் போகும், பக்கத்து ஊர்க்காரங்களோட பேச அருமை, கடல் தாண்ட கொஞ்சம் கஷ்டப்படணும். பேண்டும் 40, அதோட மூணு மடங்கு ஃப்ரீக்வென்சியில 15, அவ்ளோதான். 20 மீட்டர் பேண்டுக்காக அதே ஃபீட் பாயிண்ட்ல 5 மீட்டர் கை ரெண்டு தனியா கட்டினேன். முதல்ல நீளமானத டியூன் பண்ணி, அப்புறம் சின்னத, மறுபடி ஒருதடவ நீளமானத பாக்கணும், ஒண்ண தொட்டா இன்னொண்ணு நகருது.

கட்டப் போறவங்க 143ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்துக்கோங்க, 7.1க்கு மொத்தம் 20.1 மீட்டர் வரும். கை ஒவ்வொண்ணுலயும் அரை மீட்டர் கூட விட்டு, நானோவிஎன்ஏங்கற ஆன்டெனா அளக்குற கருவி வெச்சு பாத்துக்கிட்டே மிச்சத்த பின்னால மடிச்சு கம்பி மேலயே சுத்துங்க, வெட்டாதீங்க. ரெண்டு கைக்கும் நடுவுல கோணம் 90 டிகிரிக்கு கீழ போக வேணாம். கரண்ட் லைன் பக்கத்துல எந்த கம்பியும் போகக்கூடாது, அறுந்து விழுந்தாலும் அதத் தொடாத தூரத்துல கட்டுங்க. முனைகள ஆள் கை எட்டாத உயரத்துல கட்டுங்க, அனுப்புறப்ப வோல்டேஜ் அங்கதான் ஜாஸ்தி.