மெழுகுக் கட்டியைக் கேட்டு மூன்று நாள்

இந்த முறை ஊரில் கழித்த நான்கு வாரங்களில் மூன்று முழு நாள்கள் ஒரு தனியார் மருத்துவமனையின் கவுண்டர்களுக்கு முன்னால் நின்றபடியே போயின. பணம் கட்டவோ படுக்கை கேட்கவோ நிற்கவில்லை. பாதித் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு மெழுகுக் கட்டியைக் கையில் வாங்குவதற்காக நின்றேன். என் அக்காவின் மார்பிலிருந்து ஊசி வழியாக எடுத்த, நூல் துண்டுகளைப் போன்ற நான்கு சதைத் துணுக்குகள் அந்த மெழுகுக்குள் இருந்தன. பத்தொன்பது ஆண்டுகளாக மான்செஸ்டரில் வசிக்கும் எனக்கு, அப்படி ஒரு பொருளை நோயாளியின் வீட்டார் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதே அதுவரை தெரியாது. அங்கே அது ஓர் ஆய்வகத்திலிருந்து இன்னோர் ஆய்வகத்துக்குத் தானாகப் போய்ச் சேரும். நோயாளி அதைக் கண்ணால் பார்ப்பதில்லை.

அக்காவுக்கு 58 வயது. வீடு மயிலாடுதுறைக்குப் பக்கத்தில். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை அவள் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மேமோகிராம், ஸ்கேன், பயாப்ஸி மூன்றும் இரண்டே நாளில் முடிந்துவிட்டன. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் அனுப்பிய நாளிலிருந்து 28 நாளுக்குள் புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இலக்கு. அத்தனை நாளும் உறக்கமில்லாமல் கழித்த தோழி ஒருத்தி எனக்கு உண்டு. ஆகவே ஊரின் வேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வேகம் முடிவெடுக்கும் இடத்திலும் குறையவில்லை என்பதே என் மனத்தாங்கல். செவ்வாய்க்கிழமை அறிக்கை வந்தது. வியாழக்கிழமை மார்பை முழுவதும் எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் நாள் குறித்துவிட்டார். அதையும் அத்தானிடமும் அக்கா மகனிடமும்தான் சொன்னார். அக்கா அறைக்கு வெளியே, ஸ்டீல் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம், சாதாரணக் கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ‘அடையாறுக்குப் போயிருக்கிறார்’ என்றால் அதற்கு ஒரே பொருள்தான். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரே, நோயின் பெயரைச் சொல்லாமல் சொல்லும் சொல்லாக ஆகிவிட்டது. அந்தச் சொல்லைக்கூட வீட்டில் யாரும் உச்சரிக்காமல் இருந்ததைக் கவனித்தே அக்கா புரிந்துகொண்டிருக்கிறாள். புதன்கிழமை விடியற்காலையில் நான் வந்து இறங்கினேன். அன்று மாலை கிணற்றடியில், “பாப்பா, கேன்சர்தானே? நீயாவது சொல்லு” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அழவில்லை. “எனக்கு என்ன செய்யப்போறாங்கன்னு எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றாள்.

அன்றிரவு அறிக்கையை எடுத்து வரி வரியாகப் படித்தேன். மார்பகப் புற்றுநோய் எல்லாருக்கும் ஒன்றுபோல வருவதில்லை, ஈ.ஆர்., பி.ஆர். என்னும் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்னும் புரதமும் கட்டியின் செல்களில் எந்த அளவு இருக்கின்றன என்று பார்க்கும் மூன்று சோதனைகளின் விடையைப் பொறுத்து மருந்து மாறும், எதை முதலில் செய்வது என்ற வரிசையும் மாறும். ஹெர்-2 சோதனையில் 0 அல்லது 1+ என்றால் இல்லை. 3+ என்றால் உண்டு. அக்காவின் அறிக்கையில் 2+ என்று இருந்தது. அது விடையே அல்ல. உண்டா இல்லையா என்று இதைக் கொண்டு சொல்ல முடியவில்லை, அதே சதையில் ‘ஃபிஷ்’ என்னும் மரபணுச் சோதனை செய்து பாருங்கள் என்பதே அதன் பொருள். அறிக்கையின் கடைசி வரியிலேயே அப்படி அச்சாகியிருந்தது. அந்த வரியை யாரும் அவர்களுக்குப் படித்துச் சொல்லவில்லை. ஹெர்-2 உண்டு என்றால், அக்காவுக்கு இருந்ததைப் போல 3 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிக்கு, முதலில் கீமோவும், ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அதன்பிறகே அறுவை செய்வதுதான் இன்று பெரும்பாலும் பின்பற்றப்படும் வழி. கட்டி எவ்வளவு கரைந்தது என்று பார்த்து அடுத்த மருந்தைத் தீர்மானிக்கலாம். மார்பைக் காப்பாற்றவும் வாய்ப்பு உண்டு. வியாழக்கிழமை எடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அறுவையைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் நேரம் வாங்கினோம். பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கொண்டுவாருங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன முதல் வார்த்தை. பிளாக் என்பது அந்த மெழுகுக் கட்டி; அதிலிருந்து மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டியவை ஸ்லைடுகள்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்குப் போனேன். வரவேற்பில் லேபைக் கேட்கச் சொன்னார்கள். லேப் ஜன்னலில் இருந்த பெண், “ரிப்போர்ட்தான் கொடுத்தாச்சே மேடம், பிளாக் எல்லாம் வெளியே கொடுக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரின் சீட்டை வாங்கிக்கொண்டாள். ஆவணப் பிரிவுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம் முடிந்து மூன்று மணிக்கு வந்தவர், டாக்டர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது என்றார். டாக்டர் தியேட்டரில் இருந்தார். மாலை ஏழு மணிக்கு அங்கிருந்தபடியே கிளம்பிப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் அவரைப் பார்க்க முடிந்தது. நான் கேட்டதற்கு என்னைப் பார்த்துப் பதில் சொல்லாமல் அத்தானைப் பார்த்து, “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியரான அத்தான், மாணவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும், “டாக்டர் மனசு கோணிட்டா நாளைக்கு நம்மள யாரு பார்ப்பா?” என்று கேட்டார். அந்தப் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. கீமோவுக்குப் பிறகு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் அவர்கள் ஓட வேண்டியது அதே மருத்துவமனைக்குத்தான். நானோ நான்காவது வாரம் விமானம் ஏறிவிடுகிறவள். ஆனாலும் மான்செஸ்டரில் என் தோழி இரண்டாவது கருத்து வேண்டும் என்றபோது அவளுடைய மருத்துவர் வருத்தப்படவில்லை, யாரைப் பார்க்கலாம் என்று அவரே பெயர் சொன்னார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. ஒருவர் தன் உடம்பைப் பற்றி இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்வது, முதலில் பார்த்தவருக்கு எப்படி அவமதிப்பாகும்?

அன்று பிற்பகல் முழுவதும் ஆவணப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். சிறு வயதில் எங்களுக்கு வைத்தியம் பார்த்த கடைத்தெரு டாக்டரின் மிக்சர் பாட்டில் நினைவுக்கு வந்தது. பாட்டிலின் பக்கவாட்டில் வெள்ளைக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார் கம்பவுண்டர். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சிகூட அதைப் பார்த்து, எவ்வளவு குடித்தோம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவார். இன்று அக்காவின் ஃபைலில் நாற்பது தாள்கள் இருந்தன. அவளுக்குப் புரியும் மொழியில் ஒன்றுகூட இல்லை.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். அது காகிதத்துக்குத்தான் பொருந்தும், இது சதை என்றார் அந்த அலுவலர். யாருடைய சதை என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நோயாளியே கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால் லேபுக்கு அனுப்புகிறேன் என்றார். அப்போதுதான் உறைத்தது. அறுவைக்கான சம்மதப் படிவத்தில் அத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அக்காவின் கையெழுத்தை அந்த மருத்துவமனை கேட்டது இதுவே முதல் முறை. சுயநினைவும் தெளிவும் உள்ள வயதுவந்த ஒருவருக்காக இன்னொருவர் சம்மதம் கொடுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில், மகள் மயக்க மருந்தில் இருந்தபோது தாயிடம் வாங்கிய சம்மதமே செல்லாது என்றார்கள். தாய்க்கே இல்லாத உரிமையைக் கணவருக்கு எந்தப் படிவம் கொடுத்தது என்று நான் அத்தானிடம் கேட்கவில்லை. அவரும் நல்லது நினைத்துத்தான் செய்தார்.

மூன்றாம் நாள் அக்காவே வந்தாள். கடிதத்தைத் தமிழில் தன் கையாலேயே எழுதி, இனிஷியலோடு கையெழுத்துப் போட்டாள். அடித்தளத்தில் இருந்த லேபுக்கு எங்களை அனுப்பினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய டெக்னீஷியன் ஒருவர் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து, எண்ணைத் தேடி, அந்தக் கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மங்கலான ரோஜா நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம். விளிம்பில் பென்சிலால் எழுதிய எண். நடுவே வெள்ளை மெழுகு. அதற்குள் நான்கு மெல்லிய பழுப்புக் கீற்றுகள். “இதுதாம்மா உங்களோடது. ரொம்ப மெல்லிசா சீவித்தான் சோதனை செய்வாங்க, இன்னும் நெறைய மிச்சம் இருக்கு” என்று அவர் அக்காவிடம் சொன்னார். வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள், மெழுகு இளகிவிடும் என்றும் எச்சரித்தார். அக்கா கீழே குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாரத்தில் அவளுடைய நோயைப் பற்றி அவளிடமே பேசிய முதல் மருத்துவமனை ஊழியர் அவர்தான். மான்செஸ்டரில் இந்த வேலைக்கென்றே மார்பக நோய்ச் செவிலியர் ஒருவர் இருப்பார். நோயைச் சொல்லும் நாளிலேயே உடன் உட்கார்ந்து, தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவார்.

திருநீறு வைக்கும் சிறு சம்படத்தைக் கழுவித் துடைத்து, பஞ்சு வைத்து, அதற்குள் கட்டியை வைத்தாள் அக்கா. உழவன் எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் அது அவள் தலைமாட்டுப் பைக்குள் இருந்தது.

சென்னையில் சோதனைக்கு எட்டு நாள் ஆயிற்று. ஹெர்-2 உண்டு என்று வந்தது. அங்கே பார்த்த மருத்துவர் நாற்காலியை அக்காவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வெள்ளைத் தாளில் படம் வரைந்து, இருபத்தைந்து நிமிடம் தமிழில் பேசினார். இத்தனை நாள் தாமதமானதால் கெடுதலா என்பது அக்காவின் முதல் கேள்வி. சரியான சோதனைக்காக இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வது வழக்கம்தான் என்றார் அவர். மார்பை எடுக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து இல்லையா என்பது இரண்டாவது. இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும் பெண்களை 20 ஆண்டு பின்தொடர்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவுகளை எளிமையாக விளக்கினார். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தவர்களும் மார்பை முழுதும் எடுத்தவர்களும் ஒரே அளவு காலம்தான் வாழ்ந்தார்கள். மார்பைக் காத்தவர்களுக்கு அதே இடத்தில் மறுபடி வரும் வாய்ப்பு மட்டும் சற்றுக் கூடுதல். டிராஸ்டுசுமாப் ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஓராண்டு போட வேண்டும், இடையிடையே எக்கோ எடுத்து இதயத்தைப் பார்க்க வேண்டும், இந்திய நிறுவனங்களே அதைத் தயாரிக்கத் தொடங்கியதால் முன்னைவிட விலை குறைவு என்பதையும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசியுங்கள் என்றார் அவரும்.

எல்லாவற்றையும் சென்னையிலேயே, அந்த மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். வாடகைக்கு அறைகூடப் பார்த்துவிட்டேன். அக்கா மூன்றாம் நாள் தன் முடிவைச் சொன்னாள். முதலில் மருந்து, பிறகு அறுவை, அறுவைக்குச் சென்னை, ஆனால் ஊசிகள் முழுவதும் ஊருக்குப் பக்கத்தில், பிளாக்குக்காக நாங்கள் நின்ற அதே மருத்துவமனையில், அங்கே வாரம் இருமுறை வரும் கீமோ மருத்துவரிடம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மாலையில் தன் வீட்டுக் கட்டிலில் படுக்கலாம். மார்பைக் காப்பதா எடுப்பதா என்பதை, கட்டி சுருங்குவதைப் பார்த்த பிறகு சொல்கிறாளாம். எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கவுண்டர்களை நினைத்தாலே மனம் கொதிக்கிறது என்றேன். “உனக்குக் கோபம் பாப்பா, எனக்கு ஒரு வருஷம்” என்றாள்.

நான் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு முதல் கீமோ. சென்னை மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சைத் திட்டத்தின் பிரதி அவள் ஃபைலின் முதல் தாளாக இருந்தது. தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்டு வாங்கி, படித்து, அவளே கையெழுத்துப் போட்டாள். மருந்து ஏறி முடிந்ததும், சென்னையிலிருந்து திரும்பி வந்திருந்த மெழுகுக் கட்டியை எடுத்துக்கொண்டு மெல்ல அடித்தளத்துக்கு இறங்கினாள். அதே டெக்னீஷியன் எண்ணைச் சரிபார்த்து இழுப்பறையில் வைத்தார். பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்ட அக்கா, அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் ஃபைலில் வைத்துக்கொண்டாள்.