சிறைக் கணக்கா, வீட்டுக் கணக்கா?

அமெரிக்காவில் மக்கள்தொகையை வைத்துத் தேர்தல் தொகுதி வரையும்போது கைதியை எந்த ஊரின் கணக்கில் சேர்ப்பது? மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, அவர் அடைபட்டிருக்கும் ஊரில் என்கிறது. வேலை சுலபம், விளைவுதான் விபரீதம். ஐயோவா மாநிலத்தின் அனமோசா நகரில் ஒரு வார்டின் சுமார் 1,400 பேரில் ஏறக்குறைய 1,300 பேர் கைதிகளாக இருந்தனர். 2005-இல் அங்கே ஒருவர் இரண்டே வாக்குகள் பெற்று நகர மன்ற உறுப்பினரானார். கைதிகளுக்கோ வாக்குரிமையே கிடையாது (மெயின், வெர்மான்ட் போன்ற சில இடங்களில் மட்டும் உண்டு). தலை வேண்டும், குரல் வேண்டாம்!

மேரிலாந்தும் நியூயார்க்கும் 2010-இல் சட்டம் இயற்றி, கைதியைப் பழைய வீட்டு முகவரியில் சேர்த்தன. முகவரி திரட்டுவது தலைவலி. வீடே இல்லாதவர்களும் உண்டு. ஆனாலும் என் ஓட்டு இதற்கே. சிறை உள்ள ஊருக்கு மத்திய நிதி குறையுமோ என்ற பயம் வேண்டாம்: இந்த முகவரி மாற்றம் தொகுதி வரைபடத்துக்கு மட்டும்தான்.