மாவு வியாபாரம்: கடைகளுக்குப் போடுவதா, வாசலில் விற்பதா?

இட்லி மாவு வியாபாரம் தொடங்க நினைத்து என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கிரைண்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை லிட்டர், சாய்க்கிற மாடலா, என்ன விலை? கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அதற்கா கவலை? நம் ஊர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, எதை வாங்கினாலும் பெரிதாகக் கைவிடாது. பணம் போவது, அரைத்த மாவை எங்கே விற்பது என்று முடிவெடுக்கிற இடத்தில்தான். முதல் எட்டு மாதம் பாக்கெட் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுத்தேன். இப்போது ஒன்றரை வருடமாக வீட்டு வாசலில் அளந்து விற்கிறேன். சின்ன முதலோடு இறங்குகிறவர்களுக்கு வாசல்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசி, உளுந்து, வெந்தயம், உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இரண்டுக்கும் வேண்டும். வீட்டு மின் இணைப்பிலேயே வியாபாரத்துக்கு அரைக்காதீர்கள், மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு முறையாக மாற்றிக்கொள்ளுங்கள். பாக்கெட் என்றால் கூடுதலாக எடை, பேக்கிங் தேதி, எம்.ஆர்.பி., முகவரி எல்லாம் அச்சடித்திருக்க வேண்டும். கவர், சீலிங் மிஷின் செலவும் சேரும்.

கடைக்குப் போடுவதில் ஆசை காட்டுவது எண்ணிக்கை. என் வீட்டுக்காரர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஒரு சுற்றுப் போய்வந்தால் பதினெட்டு கடையில் ஒரு கிலோ பாக்கெட் நூறு இறங்கிவிடும். பாக்கெட்டுக்கு எனக்கு அடக்கம் 24 ரூபாய், கடைக்கு 32. பாக்கெட்டுக்கு எட்டு, நூறுக்கு 800. இந்தக் கணக்கை வைத்துத்தான் எல்லோரும் தொழிலில் இறங்குகிறார்கள், நானும் அப்படித்தான். இதில் திரும்பி வரும் பாக்கெட்டுக்கு இடமே இல்லை.

விற்காததைக் கடைக்காரர் நம்மிடமே திருப்பிவிடுவார், அதுதான் வழக்கம். நூறில் பத்து திரும்பினால் பத்து சதவீதம்தானே குறையும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். விற்ற 90-க்கு லாபம் 720. திரும்பிய பத்தின் அடக்கம் 240 நம் தலையில். மிச்சம் 480. பத்து பாக்கெட் திரும்பியதற்கு லாபத்தில் நாற்பது சதவீதம் போய்விட்டது. இருபத்தைந்து திரும்பினால் 75 பாக்கெட்டுக்கு 2,400 ரூபாய் வரவு, நூறுக்கு அடக்கமும் 2,400. காலையிலிருந்து நின்றதற்கு ஒரு ரூபாய் இல்லை. நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே ஐந்தாவது மாதம்தான். அதுவரை போன பாக்கெட்டை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன், வந்ததை எழுதவில்லை.

அத்தனை ஏன் திரும்புகிறது என்று பார்க்க ஒரு நாள் நானே கூடப் போனேன். ஒரு கடையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒன்பது பாக்கெட்டும் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தன. ஒன்று வெடித்துக் கீழ்த்தட்டு முழுக்க மாவு. "நேத்து மாவு பொங்கிருச்சுங்க்கா, எடுத்துக்கோங்க" என்றார் அந்த அண்ணா. ஃப்ரிட்ஜுக்குள் கை வைத்தால் குளிர்ச்சியே இல்லை. கரண்ட் பில் அதிகம் வருகிறது என்று ராத்திரி கடை சாத்தும்போது ஃப்ரிட்ஜையும் அணைத்துவிடுகிறாராம். மாவு உயிருள்ள பொருள், சூடு கிடைத்தால் காற்றைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் ஃப்ரிட்ஜில் நம் முதலை வைத்தால் சுவிட்சும் அவர் கையில்தான்.

அடுத்தது கடன். "வாரக் கடைசியில கணக்கு முடிச்சுக்கலாங்க்கா" என்பார்கள். அது பதினைந்து நாளாகும். தினம் நூறு பாக்கெட்டுக்குப் பதினைந்து நாள் பாக்கி 48,000 ரூபாய். சிறுதொழிலுக்கு அரசு கொடுக்கவைக்கிற முத்ரா திட்டத்தில், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான சிசு கடனின் உச்சவரம்பே 50,000தான். அந்தக் கடனை வாங்கித் தொடங்குகிறவரின் முதல் அத்தனையும் மற்றவர்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு நிறுவனச் சட்டப்படி, ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது, தாண்டினால் கூட்டு வட்டி. ஆனால் தினமும் முகம் பார்க்கிற அண்ணாச்சி மேல் மூவாயிரம் ரூபாய்க்கு யார் மனுப் போடுவார்கள்?

வாசலில் நான் விற்பது நாற்பது கிலோதான். கவர் கிடையாது, பெட்ரோல் கிடையாது, அடக்கம் 22 ரூபாய். விலை 38. கிலோவுக்குப் பதினாறு, நாளுக்கு 640. நூறு பாக்கெட்டில் பத்து திரும்பினால் கிடைப்பதைவிட இது அதிகம், அரைப்பதோ பாதிக்கும் குறைவு. தோள்பட்டை வலி குறைந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

காலை எட்டுக்கு ஊறப்போட்டு, மத்தியானம் அரைத்து, ஐந்து மணிக்கு அண்டாவைத் திண்ணையில் வைத்தால் எட்டுக்குள் முடிந்துவிடும். தூக்குப்போசியோடு வருவார்கள். நான் தராசில் வைத்து ஊற்றும்போதே "நேத்து இட்லி கொஞ்சம் கல்லு மாதிரி இருந்துச்சுங்க்கா" என்று சொல்லிவிடுவார்கள். மறுநாளே உளுந்தைக் கூட்டிவிடலாம். கடைக்குப் போட்ட எட்டு மாதத்தில் இப்படி ஒரு வார்த்தை என் காதுக்கு வந்ததில்லை. மிஞ்சுகிற இரண்டு மூன்று கிலோ என் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் போகும். மறுநாள் "நேத்து மாவு, தோசைக்கு ஆகும்" என்று சொல்லியே 25 ரூபாய்க்குக் கொடுப்பேன். அப்போதும் அடக்கத்துக்கு மேல்தான். அமாவாசை, கிருத்திகை என்றால் விரதமிருந்து பலகாரம் சாப்பிடுகிறவர்கள் அதிகம், முந்தின நாளே பத்து கிலோ கூட்டிப் போடுவேன்.

குறையும் உண்டு. சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை நகர முடியாது, சொந்தத்தில் வளைகாப்பு என்றாலும் அன்றைய வியாபாரம் போயிற்று. மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடுவார்கள், முப்பது கிலோகூடப் போகாது. மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு இது சரிப்படாது. வளர்ச்சிக்கும் எல்லை நம் நான்கு தெருதான். கடைகளுக்குப் போட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், 2005-ல் பெங்களூருவில் சின்னதாகத் தொடங்கிய ஐடி ஃபிரெஷ் அப்படித்தான் பெரிதானது. குளிர்சாதன வண்டி, பெரிய சூப்பர் மார்க்கெட் என்று இறங்க முதல் இருப்பவர்களுக்கு என் அனுபவம் அப்படியே பொருந்தாமல் போகலாம். நான் போட்டது சின்ன மளிகைக் கடைகளுக்கு மட்டும்.

பாக்கெட்டை ஒரேயடியாக விடவில்லை. இரண்டு கடைக்கு மட்டும் தினம் எட்டு எட்டு போடுகிறேன். இரண்டிலும் ஃப்ரிட்ஜ் ராத்திரியும் ஓடுகிறது, இறக்கும்போதே பணம். மூன்றாவதாக ஒருவர் போன வாரம் கேட்டார். முதலில் ராத்திரி பத்து மணிக்கு அவர் ஃப்ரிட்ஜில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.